பஞ்சாரியின் சொந்தக்காரர்

2023 மார்ச் 2, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, திருச்சூரில் கேரளத் தொழில்நுட்பப் பண்பாட்டு அகாதெமியின் அரங்கில் 'தொழில்நுட்பமும் சமூகமும்' என்ற தலைப்பில் ஒரு சொற்பொழிவு நடப்பதாக இருந்தது. பேச்சாளர், ஊடகத் தொழில்முனைவரும் இசைக்கலைஞருமான வட்டக்காவு பவித்ரன்.

அழைப்பிதழ் வீட்டுக்கு வந்த அன்று அவருடைய மனைவி லதிகா அதை இரண்டு முறை படித்தாள்.

"இந்த ஊடகத் தொழில்முனைவர் யாரு?"

"நான்தான்."

"இசைக்கலைஞர்?"

"அதுவும் நான்தான்."

"அப்போ தினமும் இங்க வந்து மீன்கறி சாப்பிட்டுட்டுப் போற ஆளு யாரு?"

லதிகாவின் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. பவித்ரனின் ஊடகம் என்பது வட்டக்காவு கடைத்தெருவில் ஒரு பேக்கரிக்கு மேலே உள்ள ஓர் அறை, இரண்டு கேமரா, டேவிஸ் என்கிற ஒரு கூட்டாளி. 'நாட்டுவெட்டம்' என்ற அவர்களுடைய இணையச் சேனலில் காலையில் மரண அறிவிப்பு வரும். மதியம் யாராவது ஒருவரின் கல்யாணம். மாலையில் பஞ்சாயத்துக் குழாய் உடைந்த செய்தி. இசை என்பது இலைத்தாளம். மேளத்தில் செண்டைக்காரர்களுக்குப் பின்னால் நின்று, இரண்டு வெண்கலத் தட்டுகளை இடித்துக் காலம் பிடிக்கிற வேலை. இருபது வருடமாக வாசிக்கிறார். இதுவரை எந்தப் புகைப்படத்திலும் அவர் முகம் விழுந்ததில்லை. முன்னால் நிற்பவரின் முதுகு மறைத்துவிடும்.

சேனலுக்கு வருடத்தில் ஒரு பெரிய நாள் உண்டு. வட்டக்காவு பகவதி கோயில் பூரம். அன்று மாலை நடக்கும் பஞ்சாரி மேளத்தை நாட்டுவெட்டம் நேரடியாக ஒளிபரப்பும். ஷார்ஜாவிலும் தோஹாவிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் அறைக்கு இருபது பேராக உட்கார்ந்து பார்ப்பார்கள்.

பிப்ரவரி நடுவில் ஒரு நாள் சேனலைத் திறந்தபோது திரையில் ஒரு பூட்டு தெரிந்தது. அதன் கீழே மூன்று வரிகள்: 'இந்தச் சேனலில் உள்ள மேளங்கள் அகாதெமிக்குச் சொந்தமான பஞ்சாரி மேளத்தை ஒத்துள்ளன. நகலெடுப்பு உறுதிசெய்யப்பட்டது. – ரட்சா.'

ரட்சா என்பது அகாதெமி உருவாக்கிய மென்பொருள். அகாதெமி போன வருடம் ஒரு குளிரூட்டிய ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பஞ்சாரி மேளத்தை முழுதாகப் பதிவுசெய்து, அதற்குத் தன் பெயரில் காப்புரிமை பெற்றுக்கொண்டது. அன்று முதல் ரட்சா இணையம் முழுக்க அலைந்து, அதைப் போலவே இருக்கும் மேளங்களைக் கண்டுபிடித்துப் பூட்டி வருகிறது.

பஞ்சாரி எல்லா ஊரிலும் ஒன்றுதான். முதல் காலத்தில், அதாவது மெதுவான முதல் கட்டத்தில், ஒரு வட்டத்துக்குத் தொண்ணூற்றாறு அட்சரம். பிறகு பாதி பாதியாகக் குறைந்து, ஐந்தாம் காலத்தில் ஆறு. இதை மாற்றி வாசித்தால் அது பஞ்சாரி அல்ல. மாற்றாமல் வாசித்தால் ரட்சாவின் கணக்கில் அது திருட்டு.

பவித்ரன் அகாதெமிக்குப் போய்ச் செயலாளர் டாக்டர் ஹரிகோவிந்தனைப் பார்த்தார். செயலாளர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"ஒரு புகார் குடுக்கணும் சாரே."

"இங்க புகாருக்கு வழியில்ல பவித்ரன்."

"அப்போ யார்கிட்ட சொல்றது?"

"தலைவர்கிட்ட சொல்லலாம். ஆனா தலைவர் பொதுமக்களைப் பாக்கறதில்ல. இங்க வந்து சொற்பொழிவு செய்யறவங்களை மட்டும் பார்ப்பார். உரை முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம் அளவளாவல். விதியிலயே இருக்கு."

"நான் சொற்பொழிவாளர் இல்லையே."

"பிறக்கும்போது யாருமே இல்ல," என்றார் செயலாளர். "சொந்தமா சேனல் இருக்குல்ல?"

"பூட்டியிருக்கு."

"இருக்கு. வாத்தியம் ஏதாவது தெரியுமா?"

"இலைத்தாளம்."

செயலாளர் பேனாவை எடுத்தார். ஊடகத் தொழில்முனைவரும் இசைக்கலைஞரும் அங்கே, அந்த மேசையில், இப்படித்தான் பிறந்தார்கள்.

பவித்ரன் இதற்கு ஒப்புக்கொண்டதற்குக் காரணம் சேகர மாரார். வட்டக்காவு மேளத்தில் முப்பத்தைந்து வருடமாகப் பிரமாணியின் வலது பக்கம் நின்று வாசித்தவர். பிரமாணி என்றால் நடுவில் நின்று மேளத்தை நடத்துகிறவர். பழைய பிரமாணிக்கு முழங்கால் போய்விட்டதால் இந்த வருடம் பூரத்தில் முதல் முறையாக மாரார் நடுவில் நிற்கப்போகிறார். அவருடைய மகன் சஜித் ஷார்ஜாவில் கிரேன் ஓட்டுகிறான். சேனல் பூட்டிய செய்தி கேட்டதும் அவன் பவித்ரனைக் கூப்பிட்டான்.

"பவித்ரேட்டா, எனக்கு லீவு கிடைக்கல. அச்சன் நடுவுல நிக்கறதை நான் கேக்கணும்."

"பாக்க ஏதாவது வழி பண்றேன்டா."

"பாக்கறது இருக்கட்டும். போட்டோ எவனாவது அனுப்புவான். நான் சொல்றது கேக்கறது."

பூரம் மார்ச் 4, சனிக்கிழமை. சொற்பொழிவு அதற்கு இரண்டு நாள் முன்னால்.

வியாழக்கிழமை காலை பவித்ரனும் டேவிஸும் அகாதெமி வாசலில் இறங்கியபோது அவர்களை வரவேற்க ஒரு சிறிய மேளம் காத்திருந்தது. நடுவில் சேகர மாரார் நின்றிருந்தார்.

"ஆசானே, நீங்களா?"

"சொற்பொழிவாளரை வரவேற்கணும்னு கூப்பிட்டாங்க," என்றார் மாரார். "நீன்னு தெரிஞ்சிருந்தா ஊர்லயே வாசிச்சு முடிச்சிருப்பேன்."

மேடையில் பதினொரு நாற்காலிகள். பவித்ரனுக்குப் பதினொன்றாவது. அதற்கு மட்டும் கை இல்லை. எதிரே நூற்றைம்பது பேர். அவர்களில் பாதிப் பேர் தொடக்கவுரை ஆற்ற வந்த துறை இயக்குநரோடு வந்தவர்கள். ஒரு மூலையில் அகாதெமியின் கேமரா எல்லாவற்றையும் அகாதெமியின் சேனலில் நேரடியாக அனுப்பிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் ஒன்பது பேர். அதில் நான்கு பேர் அதே கட்டடத்தின் மாடியில் வேலை பார்ப்பவர்கள்.

முதலில் விளக்கேற்ற வேண்டும். அகாதெமியின் குத்துவிளக்கு எண்ணெய் இல்லாதது. ஐந்து முகத்திலும் ஐந்து சிறிய மின்விளக்குகள். விருந்தினர் ஐவரின் கைப்பேசிக்கு ஆளுக்கொரு ஓடிபி வரும். அதை விளக்கின் அடியில் உள்ள திரையில் அடித்தால் ஒரு சுடர் எரியும். முதல் இரண்டு சுடரும் உடனே எரிந்தன. மூன்றாவது எண் இயக்குநருடையது. அவர் கைப்பேசி ஓட்டுநரிடம் இருந்தது. ஓட்டுநர் டீ குடிக்கப் போயிருந்தார். அவரைக் கண்டுபிடித்து அழைத்து வருவதற்குள் எண் காலாவதியானது. புதிய எண் கேட்டார்கள். அது வருவதற்குள் ஏற்கெனவே எரிந்த இரண்டு சுடரும் பாதுகாப்புக் காரணங்களுக்காக அணைந்தன.

முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து தன் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். காவலர் வந்து அதை வாங்கிக்கொண்டு அவரை வெளியே அழைத்துப் போனார்.

பதினொன்றேகாலுக்கு விளக்கு எரிந்தது. அரங்கம் எழுந்து நின்றது.

அகாதெமியின் தலைவர் தேவராஜன் மாஸ்டர் தலைமையுரை ஆற்றினார். ஒரு காலத்தில் கல்லூரியில் தத்துவம் நடத்தியவர். குரல் இன்னும் பின்பெஞ்சு வரை போகும்.

"நம்முடைய மேளங்களை யாரும் திருடிவிடக் கூடாது என்பதில் இந்த அகாதெமி உறுதியாக இருக்கிறது," என்றார். "திருடர்கள் எப்போது வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே அவர்கள் வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் நாங்களே எடுத்து வைத்துக்கொண்டோம்."

கைதட்டல் எழுந்தது.

மேடைக்குக் கீழே நின்ற டேவிஸ் எட்டிப் பவித்ரனின் வேட்டியை இழுத்தான். "ஏட்டா, இதை நான் காதால கேட்டேனா, கனவா?"

"பேசாம இருடா."

"சிலர் கேட்கிறார்கள்," தலைவர் தொடர்ந்தார், "மேளம் மக்களுடையது அல்லவா என்று. நான் பணிவோடு சொல்கிறேன். மக்கள் பொறுப்பற்றவர்கள். ஒரு பொருளை முந்நூறு வருடம் வைத்திருந்தும் அதைத் தங்கள் பெயரில் பதிவு செய்துகொள்ளத் தோன்றாதவர்களை நம்பி ஒரு பண்பாட்டை எப்படி ஒப்படைப்பது?"

பிறகு துறை இயக்குநர் தொடங்கிவைத்தார். தொழில்நுட்பத்தின் காலத்தில் சாமானிய மனிதனின் குரலுக்கு நாம் காது கொடுக்க வேண்டும், அதைவிட முக்கியமான வேலை எதுவும் தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, வேறு வேலை இருப்பதாகக் கிளம்பிப் போனார். அவரோடு வந்தவர்களும் எழுந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் இது வழக்கம்தான். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. மேடையில் இருந்த பொன்னாடைகளில் ஒன்று பவித்ரனுக்கு என்று வைத்திருந்தார்கள். அவசரத்தில் அதுவும் இயக்குநரோடு போய்விட்டது.

அடுத்து வாழ்த்துரைகள். ஆறு பேர். ஆறு பேரும் சுருக்கமாகப் பேசுவதாகச் சொன்னார்கள். முதலில் பேசியவருக்கு யாரோ தவறான குறிப்பைக் கொடுத்திருந்தார்கள் போலிருக்கிறது. "பவித்ரனின் புல்லாங்குழல்" என்று தொடங்கினார். பவித்ரன் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்தார். இரண்டாமவர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் புல்லாங்குழலைத் தான் குருவாயூரில் கேட்டு அழுததாகச் சொன்னார். மூன்றாமவர், சிறுவனாக இருந்த பவித்ரனுக்கு முதல் புல்லாங்குழலை வாங்கிக் கொடுத்ததே தான்தான் என்றார். அவருக்குப் பவித்ரனைவிட ஐந்து வயது குறைவு. நான்காமவர் அந்தப் புல்லாங்குழல் இப்போது எங்கே என்று கேட்டுவிட்டு, நீண்ட நேரம் மௌனமாக நின்றார். அரங்கமும் மௌனமாக இருந்தது.

பவித்ரனின் முறை வந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. ஒரு மணிக்குச் சாப்பாடு. செயலாளர் கைவிரல் மூன்றை உயர்த்திக் காட்டினார்.

பவித்ரன் மைக்கின் முன் நின்றார். இரண்டு நாளாக லதிகாவின் முன்னால் பேசிப் பார்த்த உரையில் முதல் பத்து நிமிடம் வணக்கமும் தொழில்நுட்பத்தின் வரலாறும் இருந்தன. அதை விட்டுவிட்டார்.

"எனக்குப் புல்லாங்குழல் தெரியாது," என்றார். "நான் இலைத்தாளம் அடிக்கறவன். என் சேனலை ரட்சா பூட்டியிருக்கு. எங்க ஊர்ப் பஞ்சாரி அகாதெமியோட பஞ்சாரி மாதிரியே இருக்காம். சாரே, பஞ்சாரின்னா பஞ்சாரி மாதிரிதானே இருக்கும்? நாளன்னிக்கு எங்க பூரம். வெளியூர்ல இருக்கற பிள்ளைங்க கேக்கணும்னு காத்திருக்காங்க. அதுக்குள்ள திறந்து விட்டா போதும். அவ்வளவுதான் எனக்குத் தொழில்நுட்பமும் சமூகமும்."

பேசி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தொழில்நுட்ப அதிகாரியைப் பார்த்தார். தொழில்நுட்ப அதிகாரி நிமிஷா முப்பது வயதுக்கு உட்பட்டவர். ரட்சாவை உருவாக்கிய குழுவை நடத்தியவர். அவர் மைக்கை வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பெற்ற குழந்தையைப் பற்றிப் பேசும் மலர்ச்சிதான் இருந்தது.

"பேச்சாளர் நல்ல கேள்வி கேட்டார். ரட்சா இதுவரைக்கும் ஆயிரத்துக்கு மேல கோயில்களைப் பிடிச்சிருக்கு. இந்தக் கோயில்களுக்குள்ள எந்தத் தொடர்பும் கிடையாது. ஒருத்தரை ஒருத்தருக்குத் தெரியாது. ஆனா எல்லாரும் அட்சரம் பிசகாம ஒரே மாதிரி நகலெடுத்திருக்காங்க. இது எவ்வளவு திட்டமிட்ட வேலைன்னு பாருங்க! பழைய ஒலிநாடா எல்லாம் சோதிச்சுப் பார்த்தோம். சில கோயில்கள் அகாதெமி ஆரம்பிக்கறதுக்கு நாப்பது வருஷம் முன்னாடியே நகலெடுக்க ஆரம்பிச்சிருக்காங்க."

"அதெப்படி மேடம்?" என்றார் பவித்ரன்.

"அதைத்தான் நாங்களும் விசாரிக்கறோம்."

"அகாதெமி பதிவு செஞ்ச பஞ்சாரியை வாசிச்சது யாரு?"

நிமிஷா தன் கணினியைப் பார்த்தார். அதற்குள் அரங்கின் கடைசியிலிருந்து, மகளைக் கூப்பிடுவது போல ஒரு குரல் வந்தது.

"நாங்கதான் மோளே."

சேகர மாரார் எழுந்து நின்றிருந்தார். "போன மழைக்காலத்துல வந்து வாசிச்சோம். உள்ள ஒரே குளிரு. மூணாம் காலத்துல எனக்கு ஒரு தும்மல் வந்துடுச்சு. எடுத்துருங்கன்னு சொன்னேன். அதுவும் பண்பாடுதான், இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க."

அரங்கில் சிரிப்பு பரவியது. தலைவர் கையை உயர்த்தினார். அவருக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. சந்தேகத்தை விவாதத்தால் அல்ல, செய்துகாட்டித்தான் தீர்க்க வேண்டும் என்றார். மாராரின் குழு இங்கேயே இருக்கிறது. அவர்கள் வாசிக்கட்டும். ரட்சா அசலையும் நகலையும் எப்படிப் பிரித்தறிகிறது என்று நாடே நேரடியாகப் பார்க்கட்டும்.

செண்டைகள் மேடைக்கு வந்தன. மாரார் ஐந்தாம் காலத்தில் எடுத்தார். இரண்டு நிமிடத்தில் அரங்கில் மிச்சமிருந்தவர்களின் கைகள் தாமாக உயர்ந்தன. எங்கள் ஊரில் பஞ்சாரி கேட்கும் எவருடைய கையும் தொடையில் கிடக்காது. வாழ்த்துரைக்காரர்கள் ஆறு பேரும் கை தூக்கி அட்சரம் எண்ணினார்கள். புல்லாங்குழல் வாங்கிக் கொடுத்தவர்தான் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்றார்.

மூன்றாவது நிமிடம் அகாதெமியின் பெரிய திரையில் ஒரு பூட்டு தோன்றியது.

'இந்தச் சேனலில் உள்ள மேளம் அகாதெமிக்குச் சொந்தமான பஞ்சாரி மேளத்தை ஒத்துள்ளது. நகலெடுப்பு உறுதிசெய்யப்பட்டது. – ரட்சா.'

மேளம் நின்றது. நிமிஷா கைதட்டினார். "பார்த்தீங்களா! எங்களையே விடல! இதுக்குப் பேருதான் நடுநிலை!"

தலைவரும் கைதட்டினார். பிறகு மெல்ல நிறுத்தினார். "நிமிஷா, நம்ம சேனல் முழுக்கப் பூட்டிடுச்சா?"

"முழுக்க சார்."

"அதுல என்னோட உரைகள் இருநூத்துச் சொச்சம் இருக்கே."

"எல்லாம் பூட்டிடுச்சு சார்."

இந்த இடத்தில் அரங்கம் அன்றைக்கு முதல் முறையாக மனமார்ந்து கைதட்டியது. தலைவர் செயலாளரிடம் குனிந்தார். மைக் திறந்தே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"இதுக்கு யார்கிட்ட புகார் குடுக்கறது?"

"இங்க புகாருக்கு வழியில்ல சார்."

"அப்போ?"

"தலைவர்கிட்ட சொல்லலாம்."

"நான்தான்யா தலைவர்."

"ஆமா சார். ஆனா சொற்பொழிவு முடிஞ்ச பிறகுதான் சொல்ல முடியும். நீங்க பேசினது தலைமையுரை. அது கணக்குல வராது."

நன்றியுரை ஆற்றியவர், பவித்ரனின் ஆழமான, நீண்ட உரைக்கும் மறக்க முடியாத புல்லாங்குழலுக்கும் நன்றி சொன்னார்.

சாப்பாட்டுக்குப் பிறகு தலைவரின் அறையில் அளவளாவல் நடந்தது. பவித்ரன், டேவிஸ், சேகர மாரார், எதிரே தலைவர், செயலாளர், நிமிஷா. பரிப்பு வடையும் டீயும் வந்தன. தலைவரின் முகம் வாடியிருந்தது. இப்போது அவரும் ஒரு பாதிக்கப்பட்டவர்.

நிமிஷாதான் வழி சொன்னார். "ரட்சாவை நிறுத்த முடியாது. நிறுத்தினா அதுவே ஒரு மீறல்னு பதிவாயிடும். ஆனா ஒரு சின்ன உபாயம் இருக்கு. மேளத்துல அங்கங்க ஒரு அடியை மாத்தி வாசிச்சீங்கன்னா அது புதுப் படைப்பு. ரட்சா தொடாது. சும்மா ஒண்ணு ரெண்டு அடி போதும்."

பவித்ரன் மாராரைப் பார்க்கவில்லை. டேவிஸ் பார்த்தான்; உடனே டீயைக் கீழே வைத்தான்.

மாரார் தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மோளே, வட்டக்காவுல நாளன்னிக்கு ஐயாயிரம் பேரு கை தூக்கி நிப்பாங்க. நடுவுல நிக்கற நான் ஒரு அடி தப்பினா அந்தக் கை எல்லாம் எங்க வந்து இறங்கும்னு நெனைக்கற?"

நிமிஷா கொஞ்சம் யோசித்தார். "அவங்ககிட்ட முன்கூட்டியே ஒரு அறிவிப்பு குடுத்துடலாமே?"

"குடுக்கலாம்," என்றார் மாரார். "என்னோட மரண அறிவிப்பையும் இவன் சேனல்லயே சேர்த்துப் போட்டுடலாம். ஆனா அதுவும் பூட்டிக் கிடக்கே."

தலைவர் தலையிட்டார். கலைஞரின் உணர்வை அகாதெமி மதிக்கிறது என்றார். பிறகு, மேளத்துக்கு ஒலி எந்த அளவுக்கு இன்றியமையாதது என்பதை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்படும் என்றும், அதன் அறிக்கை வரும் வரை நாட்டுவெட்டம் சேனலை ஒலி நீக்கி, படம் மட்டுமாகத் திறந்துவிடலாம் என்றும் முடிவு சொன்னார். ஐந்து நிமிடம் முடிந்தது. பவித்ரனுக்கு நினைவுப் பரிசாகச் செண்டை வடிவத்தில் செய்த ஒரு கைப்பேசித் தாங்கி கொடுத்தார்கள். பவித்ரனின் கைப்பேசி அதில் நுழையவில்லை.

பேருந்தில் டேவிஸ் வட்டக்காவு வரும் வரை பேசினான். "ஒலி இல்லாத மேளம். அடுத்து மணம் இல்லாத பிரியாணி. ஏட்டா, நான் என்னத்தைக் காட்டட்டும்? செண்டையை ஊமையா காட்டினா பயலுக அங்கிருந்தே என்னைக் கெட்ட வார்த்தையில திட்டுவானுக."

பவித்ரன் கடைசியில் எழுந்து இறங்கும்போது சொன்னார்.

"செண்டையைக் காட்டாதே. கையைக் காட்டு."

"எந்தக் கையை?"

"ஐயாயிரம் பேரோட கையை."

அன்று இரவு சஜித்துக்கு அவர்தான் விஷயத்தைச் சொன்னார். சஜித், "அப்போ கேக்க முடியாது. போன்ல வெச்சாலும் வெறும் இரைச்சல்தான் வரும்," என்றான். "சரி ஏட்டா. கையைக் காட்டுங்க."

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வட்டக்காவு பகவதி கோயில் வளாகத்தில், மூன்று யானைகளுக்கு முன்னால், சேகர மாரார் நடுவில் நின்று பஞ்சாரியின் முதல் காலத்தை எடுத்தார். பவித்ரன் வழக்கம் போலப் பின்னால், ஒரு முதுகுக்குப் பின் நின்று இலைத்தாளம் இடித்தார். டேவிஸ் ஒரு கேமராவை மாராரின் வலது கைக்கோலை நோக்கி வைத்தான். இன்னொன்றைப் பந்தல் கம்பத்தில் ஏறிக் கூட்டத்தின் பக்கம் திருப்பினான். கைகள் உயர்ந்தன, தாழ்ந்தன, தொண்ணூற்றாறு முடியும் இடத்தில் எல்லாக் கைகளும் ஒன்றாக மேலே எழும்பி நின்றன.

ஷார்ஜாவில் அப்போது மணி மூன்றரை. ஓர் அறையில் சஜித்தும் ஊர்க்காரர்கள் இருபது பேரும் ஒரு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்கள். படம் ஓடியது. சத்தம் இல்லை. யாரோ ஒருவன், "ஊமைப்படம் பாக்கவாடா இன்னிக்குப் பிரியாணி வெச்சோம்?" என்றான். சின்ன வயதில் ஆறு வருடம் அப்பாவிடம் அடி வாங்கிச் செண்டை கற்றவன் சஜித். எழுந்து போய் அலமாரியிலிருந்து இரண்டு மரக் கரண்டிகளை எடுத்து வந்தான். காலியான பிரியாணி அண்டாவைக் கவிழ்த்தான். திரையில் தெரிந்த அப்பாவின் கோலைப் பார்த்துக்கொண்டே அடித்தான்.

இரண்டு வட்டம் போனதும் இன்னொருவன் இரண்டு எவர்சில்வர் தட்டுகளை எடுத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் நின்றான். இரும்பு அலமாரியில் மூன்று பேர் தட்டத் தொடங்கினார்கள். மற்றவர்கள் திரையில் இருந்த கைகளோடு கையை உயர்த்தினார்கள். கீழ் வீட்டுப் பாகிஸ்தானி சண்டை போட மேலே வந்தார், வாசலில் நின்றார், இரண்டாம் காலத்தின் முடிவில் அவர் கையும் மேலே போயிருந்தது. இரண்டரை மணி நேரம். அறையில் ஒருவன் தொடக்கத்திலிருந்து முடிவு வரை அதைக் கைப்பேசியில் பிடித்து, சஜித்தின் பெயரில் இணையத்தில் ஏற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அது பூட்டப்பட்டிருந்தது.

சஜித் அந்தத் திரையைப் படமெடுத்துப் பவித்ரனுக்கு அனுப்பினான். பவித்ரன் அதை எடுத்துக்கொண்டு மாராரின் வீட்டுக்குப் போனார். மாரார் முற்றத்தில் உட்கார்ந்து செண்டையின் கயிறுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

"ஆசானே, சஜித்தையும் ரட்சா பிடிச்சிடுச்சு."

"என்னவாம்?"

பவித்ரன் வாசித்துக் காட்டினார். "'இந்தப் பதிவில் உள்ள மேளம் அகாதெமிக்குச் சொந்தமான பஞ்சாரி மேளத்தை ஒத்துள்ளது. நகலெடுப்பு உறுதிசெய்யப்பட்டது. ஒப்புமை: நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது.'"

மாராரின் கை கயிற்றில் நின்றது.

"என்னத்துல அடிச்சான்?"

"பிரியாணி அண்டாவுல."

மாரார் மறுபடி கயிற்றைத் தளர்த்தத் தொடங்கினார். இரண்டு முடிச்சு அவிழ்ந்த பிறகு கேட்டார்.

"ஒண்ணு எங்க போச்சாம்?"

"அது சொல்லல."

மாரார் யோசித்தார். "தும்மல்," என்றார். "அவனுக்குத் தும்மல் வரலை."

சஜித் அகாதெமிக்கு ஒரு புகார் அனுப்பினான். அங்கே புகாருக்கு வழியில்லை என்று பதில் வந்தது. ஏப்ரல் இரண்டாவது வாரம் அவனுக்கு ஓர் அழைப்பிதழ் போனது. 'தொழில்நுட்பமும் சமூகமும்' சொற்பொழிவு வரிசையில் அடுத்த உரையை, ஊடகத் தொழில்முனைவரும் இசைக்கலைஞருமான ஷார்ஜா சஜித் ஆற்றுவார். உரை முடிந்ததும் தலைவருடன் ஐந்து நிமிடம் அளவளாவலாம்.